கால்நடைக் காயங்களுக்குத் தோல் ஒட்டு: அது பிடிப்பதும் பிடியாமற் போவதும்

குடியானவருக்குக் கறவைப் பசுவும் உழவு மாடும் நாள்தோறும் ஊதியம் கொண்டுவரும் முதல். அப்படிப்பட்ட மாடு ஒன்று முட்கம்பி வேலியில் சிக்கியோ, சாலையில் லாரி மோதியோ, கொட்டகை தீப்பற்றியோ, தன் தோலில் ஒரு பெரும் பகுதியை இழந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எலும்பு முறியவில்லை; உயிருக்கும் அபாயமில்லை. ஆயினும் அந்தப் புண் ஆறுவதில்லை. மாதக்கணக்கில் ஈ மொய்த்துப் புழு வைக்கின்றது, பால் குறைகின்றது, நடை கெடுகின்றது. முடிவில் நல்ல மாடொன்று அடிமாட்டு விலைக்குப் போகின்றது. இந்த நஷ்டத்தை நமது அங்கத்தினர்களில் அநேகர் நேரில் கண்டிருப்பார்கள்.

இவ்விதப் புண்களுக்கு, அதே மிருகத்தின் தேகத்தில் வேறோரிடத்திலிருந்து தோலை எடுத்துப் புண்ணின் மேல் வைத்து வளரச் செய்யும் சஸ்திர சிகிச்சை ஒன்று உண்டு. அதற்குத் தோல் ஒட்டு என்று பெயர். மாஞ்செடியில் ஒட்டுப் போடுவதை அறிந்த நமக்கு இந்தப் பெயர் புதிதன்று. மாவொட்டில் சிலது பிடிக்கின்றது, சிலது காய்ந்துவிடுகின்றது. தோல் ஒட்டிலும் அப்படியே. பிடியாமற் போனால் வைத்தியர் கைராசியின் மேல் குறை சொல்வது வழக்கம். உண்மை வேறு. வைத்தியர் கத்தியை எடுத்து வேலை செய்வது ஓரிரண்டு மணி நேரம். ஒட்டின் கதி தீர்மானமாவதோ அதற்கு முந்திய இரண்டு வாரங்களிலும் பிந்திய இரண்டு வாரங்களிலும். அந்த நான்கு வாரமும் பெரும்பாலும் மாடு நிற்பது சொந்தக்காரருடைய கொட்டகையில். ஆகவே ஒட்டு எவ்வாறு பிடிக்கின்றது என்பதை வைத்தியர் மாத்திரமன்றி மாட்டுக்காரரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

1. தானே ஆறும் புண்ணும் ஆறாத புண்ணும்

தோல் இரண்டு அடுக்குகளாலானது. மேலே மெல்லிய மேல்தோல். அதன் கீழே ரத்தக்குழாய்களும் நரம்புகளும் ரோமத்தின் வேர்களும் பொதிந்த கனத்த உள்தோல். கிருமிகளை வெளியே நிறுத்துவதும், தேகத்தின் நீரை உள்ளே காப்பதும், சூட்டைச் சமன் செய்வதும் தோலின் வேலைகள். ஆகையால் தோல் போன இடத்தில் இம்மூன்று காவலும் ஒரே சமயத்தில் போய்விடுகின்றன.

தோல் இழந்த புண்ணை இயற்கை இரண்டு வழிகளில் மூடுகின்றது. ஒன்று, புண்ணின் ஓரங்கள் சுருக்குப் பையின் வாயைப் போல நடுவை நோக்கி இழுபட்டுச் சுருங்குதல். மற்றொன்று, ஓரத்திலுள்ள மேல்தோல் புதிய சதையின் மேல் மெல்லப் படர்ந்து செல்லுதல். கழுத்து, விலா, தொடை முதலிய இடங்களில் தோல் தளர்ந்திருப்பதால் முதல் வழியே பெரும்பாலும் போதுமானது. மாட்டின் விலாவில் உள்ளங்கையளவு தோல் போயிருந்தாலும், சுத்தமாக வைத்திருந்தால் சில வாரங்களில் பெரும்பகுதி தானாகவே மூடிவிடுவதைக் காணலாம்.

முழங்காலுக்குக் கீழே நிலைமை வேறு. அங்கே தோல் எலும்பின் மேலும் தசைநாரின் மேலும் இறுகப் போர்த்தப்பட்டிருக்கின்றது. இழுத்துக் கொடுக்க உபரித் தோல் இல்லை. குதிரையின் காலில் இது மிகவும் அதிகம். அதன் கீழ்க்காலில் மேல்தோல் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே படருகின்றது என்று அளந்து கண்டிருக்கிறார்கள். எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள புண் என்றால், ஒவ்வோர் ஓரத்திலிருந்தும் நான்கு சென்டிமீட்டர் படர வேண்டும். சுருங்குதல் உதவி செய்யாவிட்டால் அதற்கு ஓராண்டுக்கு மேலாகும். அதற்குள் புண்ணிலிருந்து துர்மாமிசம் கிளம்பித் தோலின் மட்டத்திற்கு மேலே புடைத்துக்கொண்டு, படரும் மேல்தோலைத் தடுத்துவிடுகின்றது. கால், மூட்டுக்கு மேலான இடம், பரந்த தீக்காயம் ஆகிய இவையே தோல் ஒட்டு விசேஷமாக வேண்டப்படும் இடங்கள்.

2. இம்முறை வந்த வரலாறு

தோலை இடம் மாற்றும் வித்தை நமது தேசத்திற்குப் பழையது. அறுபட்ட மூக்கை வேறிடத்துத் தோலால் அமைக்கும் முறை சுசுருத சம்ஹிதையில் சொல்லப்பட்டிருக்கின்றது. 1792-ம் வருஷத்து மைசூர் யுத்தத்தில் ஆங்கிலேயர் படையில் மாடு ஓட்டிவந்த கௌவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்பு சுல்தான் படையிடம் சிக்கி மூக்கை இழந்தார். பிறகு அவருடைய நெற்றித் தோலைக் கொண்டே புது மூக்கு அமைக்கப்பட்ட செய்தி 1794-ல் லண்டன் 'ஜென்டில்மன்ஸ் மாகஸின்' என்ற பத்திரிகையில் படத்துடன் வெளிவந்தது. அதைக் கண்டு பழகி, 1814-ல் லண்டனில் கார்ப்யூ என்ற வைத்தியர் அதே சிகிச்சையைச் செய்தார். மேல்நாட்டுச் சஸ்திர வைத்தியத்தில் இது ஒரு புதிய அத்தியாயத்தைத் தொடங்கிற்று.

ஆனால் அந்த முறையில் தோல் ஒரு காம்பினால் பழைய இடத்தோடு தொடர்பு கொண்டே இருக்கும். காம்பு வழியே ரத்தம் வந்துகொண்டிருக்கும். தோலை அடியோடு வெட்டி எடுத்து வேறிடத்தில் வைத்தால் பிழைக்குமா என்பது தனிக் கேள்வி. அதற்கு முதலில் விடை கிடைத்தது ஓர் ஆட்டினிடத்தில். 1804-ல் இத்தாலியில் மிலான் நகரத்துப் பரோனியோ என்பவர், ஆட்டின் ஒரு பக்கத்துத் தோலை வெட்டி மறுபக்கத்தில் வைத்து, அது உயிரோடு ஒட்டிக்கொண்டதைக் கண்டு எழுதினார். மனிதருக்குச் சிறு சிறு தோல் துணுக்குகளை விதைப்பது போல வைக்கும் முறையை 1869-ல் பாரீஸில் ரெவர்தான் என்பவர் காட்டினார். அகன்ற மெல்லிய தகடுகளாகச் சீவி வைக்கும் முறை 1874-ல் ஜெர்மனியில் தீர்ஷ் என்பவரால் பரவிற்று. சீவிய தோலில் வரிசையாகக் கீறலிட்டு வலைபோல் விரிக்கும் கருவி 1964-ல் அமெரிக்காவில் டானர் முதலியோரால் வெளியிடப்பட்டது. இம்முறைகள் யாவும் பின்னர்க் குதிரைக்கும் நாய்க்கும் மாட்டுக்கும் வந்தன.

3. வேறு மாட்டின் தோல் உதவாதது ஏன்?

"நோயாளி மாட்டை மேலும் வருத்துவானேன்? இறந்துபோன வேறொரு மாட்டின் தோலை வைத்தாலென்ன?" என்று கேட்பது இயற்கை. அப்படி வைத்த தோல் முதற் சில நாட்கள் பிடித்துக்கொண்டது போலவே தோன்றும். பிறகு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குள் கறுத்து அழிந்து உதிர்ந்துவிடும். நோய்க் கிருமியை அயலான் என்று கண்டு தாக்கும் தேகத்தின் காவற் சக்தியே அந்தத் தோலையும் அயலது என்று கண்டு தாக்குகின்றது. பீட்டர் மெடவர் என்ற விஞ்ஞானியும் அவரது சகாக்களும் 1943 முதல் செய்த ஆராய்ச்சிகளால் இது தெளிவாயிற்று.

இதில் மாடு வளர்ப்போருக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஆண் கன்றுடன் இரட்டையாகப் பிறந்த கிடாரி பெரும்பாலும் மலடாகும் என்பது கிராமங்களில் தெரிந்த விஷயம். கருப்பையில் இரண்டு கன்றுகளின் ரத்தக்குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்து, ரத்தம் கலந்து ஓடுவதே அதற்குக் காரணம். அப்படிக் கலந்த ரத்த அணுக்கள் பிறந்த பின்னும் இரண்டு கன்றுகளிடத்தும் தங்கிவிடுகின்றன என்று 1945-ல் அமெரிக்காவில் ஓவன் என்பவர் காட்டினார். மெடவர் கூட்டத்தார் இரட்டைக் கன்றுகளுக்குள் தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தபோது, உருவத்தில் வேறுபட்ட இரட்டைகள்கூட ஒன்றின் தோலை மற்றொன்று பெரும்பாலும் ஏற்றுக்கொண்டன. 1951-ல் இது வெளியாயிற்று. கருவிலேயே பழகிய அணுக்களைத் தேகம் அயலாக எண்ணுவதில்லை என்ற உண்மை இவ்வழியில் விளங்கிற்று. 1960-ல் மெடவருக்கும் பர்னெட் என்பவருக்கும் இதற்காக நோபெல் பரிசு கிடைத்தது. பிற்காலத்தில் மனிதருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் சிகிச்சைக்கு அடிப்படையான அறிவின் ஒரு பகுதி மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

நடைமுறைக்கு இதன் பொருள் யாதெனில், நிலையாகப் பிடிக்க வேண்டிய ஒட்டு அதே மாட்டின் தோலாகவே இருத்தல் வேண்டும் என்பதாம். கழுத்து, விலா, அடிவயிறு போன்று தோல் தளர்ந்திருக்கும் இடங்களிலிருந்து எடுத்தால் எடுத்த இடமும் எளிதில் ஆறிவிடும்.

4. ஒட்டு பிடிக்கும் விதம்

வெட்டி எடுத்த தோலுக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிட்டது. புண்ணின் மேல் வைத்தவுடன் அது உயிர் வாழ்வது எப்படி?

வைத்த சில நாழிகைக்குள் புண்ணிலிருந்து கசியும் நீர் உறைந்து மெல்லிய பசையாகித் தோலை ஒட்டி நிறுத்துகின்றது. முதல் இரண்டு நாட்கள் அந்தத் தோல் புண்ணில் ஊறும் நிணநீரை நனைந்த துணி போல உறிஞ்சி உயிர் தாங்குகின்றது. அப்போது அது சற்றே வீங்கி, வெளுத்தோ நீலம் பாரித்தோ காணப்படும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் புண்ணிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் தோலின் அறுபட்ட குழாய்களோடு வாய் சேர்கின்றன. அடுத்து நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் புதிய குழாய்களும் உள்ளே வளர்ந்து, ரத்த ஓட்டம் நிலைபெற்று, ஒட்டு சிவந்துவருகின்றது. ஏறக்குறைய பத்தாம் நாளில் அது உறுதியாகப் பற்றிக்கொள்கின்றது.

பிடுங்கி நட்ட நாற்று வாடி நின்று, வேர் விட்டுப் பிறகு பசுமை கொள்வதை நாம் அறிவோம். நட்ட மூன்றாம் நாள் வேர் பிடித்ததா என்று நாற்றைப் பிடுங்கிப் பார்க்கும் உழவர் எவருமில்லை. ஆனால் மாட்டின் கட்டை அவிழ்த்துப் பார்க்கும் ஆவல் அநேகருக்கு உண்டு. மேலே சொன்ன நுண்ணிய குழாய்கள் தலைமயிரினும் மெல்லியவை. மூன்றாம் நாளில் ஒட்டு ஒரு சிறிது நகர்ந்தாலும் அவை யாவும் அறுந்துபோம்.

5. ஒட்டின் மூன்று பகைவர்

ஒட்டு பிடியாமைக்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்றே. முதலாவது, ஒட்டுக்கும் புண்ணுக்கும் இடையே ரத்தமோ நீரோ சீழோ தேங்குதல். காகிதம் கனமுள்ள தேக்கமும் நிணநீர் ஊறுவதையும் குழாய்கள் சேர்வதையும் தடுத்துவிடும். இரண்டாவது, அசைவு. மாடு காலை உதறுவதாலும், சுவரில் உராய்வதாலும், நக்குவதாலும், தளர்ந்த கட்டு வழுக்குவதாலும் ஒட்டு இடம் பெயர்கின்றது. மூன்றாவது, கிருமி. புண்ணில் கிருமிகள் சிறிதளவேனும் எப்பொழுதும் இருக்கும். அதனால் கெடுதி இல்லை. ஒரு கிராம் சதையில் அவை ஒரு லக்ஷத்திற்கு மேற்படுமானால் ஒட்டு பிடித்தல் அரிது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சில ஜாதிக் கிருமிகள் ஒட்டைத் தாங்கி நிற்கும் பசையையே கரைத்துவிடுகின்றன.

இனி வரும் முறைகள் எல்லாம் இம்மூன்று பகைவரை விலக்கும் வழிகளே. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் வைத்தியர் சொல்லும் ஒவ்வொரு நிபந்தனையின் காரணமும் தானே விளங்கும்.

6. பாத்தியைப் பண்படுத்துதல்

எலும்பு, தசைநார் ஆகியவை மூடாக்கின்றி வெளியே தெரியும் இடத்தில் ஒட்டு பிடியாது. அவற்றின் மேல் புதுச்சதை வளர்ந்து மூட வேண்டும். ஒட்டுக்குத் தகுந்த புதுச்சதை செந்நிறமாயும், நுண்மணிகள் நெருங்கியதாயும், தோலின் மட்டத்திற்குச் சமமாயும், துர்நாற்றமும் சீழும் இல்லாததாயும் இருக்கும். வெளுத்து, கொழகொழவென்று, மேடு பள்ளமாயிருப்பது தகுதியற்றது. காயம் பட்டது முதல் இந்த நிலை வரும்வரை புண்ணைக் காப்பது மாட்டுக்காரர் பொறுப்பு.

காயம் பட்டவுடன் கிராமங்களில் செய்யப்படும் சில காரியங்கள் பெருந்தீமை விளைவிக்கின்றன. சாணமும் புழுதியும் வைப்பதால் தனுர்வாதக் கிருமி உட்புகலாம். அந்த நோய்க்குக் குதிரையும் ஆடும் மிக எளிதில் இரையாகும், மாட்டுக்கும் வரக்கூடும். சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் உயிருள்ள சதையைப் பொசுக்குகின்றன. துர்மாமிசத்தைக் கரைக்க மயில்துத்தம் தூவுவது பழைய வழக்கம். அது துர்மாமிசத்தோடு ஓரத்தில் படர்ந்துவரும் இளந்தோலையும் சேர்த்து எரித்துவிடுகின்றது. வாரக்கணக்கில் வளர்ந்தது ஒரு நாளில் போய்விடும். துர்மாமிசத்தில் நரம்பு கிடையாது. வைத்தியர் அதைக் கத்தியால் மட்டமாகச் சீவுவதில் மாட்டுக்கு நோவு இல்லை. ரத்தம் மாத்திரம் பெருகும். அதனாலேயே பலர் ஒட்டு வைக்கும் நாளுக்கு முந்திய நாளே சீவிக் கட்டிவிடுகிறார்கள். மறுநாள் ரத்தக் கசிவு நின்று பாத்தி ஆயத்தமாயிருக்கும்.

செய்யத்தக்கது எளிதானது. ஒரு லிட்டர் ஜலத்தில் 9 கிராம் உப்பைக் கரைத்து நன்றாகக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, அதைக் கொண்டு புண்ணைத் தாராளமாக அலம்ப வேண்டும். அந்த அளவு உப்பு தேகத்து நீரின் காரத்திற்குச் சமமானது. ஆகையால் சதைக்கு எரிச்சல் தராது. சுத்தமான துணியால் மூடிக் கட்டி, வைத்தியர் குறித்த நாட்களில் மாற்ற வேண்டும். ஈயை விலக்க வேப்பெண்ணெயைப் புண்ணைச் சுற்றியுள்ள தோலில் தடவலாம், புண்ணுக்குள் விடலாகாது. புழு வைத்துவிட்டால் உடனே வைத்தியரிடம் காட்டுக.

தீவனமும் சிகிச்சையைச் சேர்ந்ததே. புதுச்சதை உண்டாவதற்குப் புரதச் சத்தும், மேல்தோல் வளர்வதற்கு ஏ வைட்டமினும் வேண்டும். பிண்ணாக்கு, பயற்றங்கொடி, அகத்தி, பசும்புல் ஆகியவை இவற்றைத் தரும். வெறும் வைக்கோல் தின்று எலும்பு தெரிய நிற்கும் மாட்டினிடத்தில் நல்ல ஒட்டை எதிர்பார்த்தல் வீண்.

7. சஸ்திர சிகிச்சை முறைகள்

மாட்டுக்கு மயக்கமோ மரப்பு ஊசியோ கொடுத்த பின் வைத்தியர் புண்ணின் தன்மைக்கேற்ற முறையைத் தெரிந்தெடுக்கிறார். முழுக்கனத் தோலை எடுத்தால் அதன் அடியிலுள்ள கொழுப்பைச் சுத்தமாக நீக்கிவிட வேண்டும். கொழுப்பில் ரத்தக்குழாய்கள் குறைவு. அது இருந்தால் நிணநீர் ஊறாது. இவ்வகை ஒட்டில் ரோமமும் முளைக்கும், உராய்வையும் தாங்கும். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனத்தில் சீவி எடுக்கும் மென்தோல் எளிதில் பிடிக்கும். ஆனால் உறுதி குறைவு. இரண்டிலும் வலைக் கீறலிட்டு விரித்தால் சிறு தோல் பெரும் புண்ணை மூடும். அடியில் ஊறும் நீர் கண்கள் வழியே வெளியேறிவிடுவதால் முதற் பகைவனும் விலகுகின்றான்.

விலையுயர்ந்த கருவிகளில்லாத இடத்திற்கு ஏற்றது துளை ஒட்டு. கழுத்திலோ வயிற்றிலோ ஏழு மில்லிமீட்டர் அளவுள்ள வட்ட உளியால் சிறு வில்லைகளாகத் தோலை எடுத்து, புண்ணின் புதுச்சதையில் ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள குழிகளிட்டு ஒவ்வொன்றிலும் ஒரு வில்லையைப் பதிக்கிறார்கள். வெட்டிய வில்லை சுருங்குமாதலால் உளிகளின் அளவு வேறுபடுகின்றது. ரத்தம் வழிந்து கீழுள்ள குழிகளை நிரப்பாதபடி, புண்ணின் அடியிலிருந்து மேல் நோக்கிக் குழியிட்டு வருவது வழக்கம். வில்லைகளைச் சுற்றிலும் சதை தாங்கிக்கொள்வதால் அசைவின் கெடுதி இதில் குறைவு. எல்லா வில்லையும் பிடிக்க வேண்டுமென்பதில்லை. பாதிக்கு மேல் பிடித்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் மேல்தோல் சுற்றிலும் படர்ந்து அடுத்ததோடு கூடிவிடும். குதிரைக்கால் புண்களில் இது நெடுநாட்களாகக் கையாளப்பட்டு வருகின்றது. ரோமம் அங்கங்கே திட்டாக முளைப்பதால் அழகு குறையும், உழைப்புக்குக் குறைவில்லை.

8. கட்டும் காவலும்

ஒட்டின் மேல் முதலில் புண்ணோடு ஒட்டாத வலைத்துணி, அதன் மேல் நீரை உறிஞ்சும் பஞ்சு, அதன் மேல் இறுகப் பற்றும் கட்டு, மூட்டுக்கு அருகில் என்றால் அசைவைத் தடுக்கும் சிம்பு ஆகியவை முறையே வைக்கப்படும். நாற்றம், வழுக்கல், நனைதல், காய்ச்சல் ஆகியவை இல்லாவிட்டால் முதற் கட்டை நான்கைந்து நாட்கள் பிரிக்காமலிருப்பது பொதுவான வழக்கம். அதன் பின்னும் வைத்தியரே பிரிக்க வேண்டும்.

கொட்டகையில் மாட்டுக்காரர் செய்ய வேண்டியவை பின்வருமாறு. மாட்டைத் தனியே, ஈரமில்லாத தரையில், கனமாக வைக்கோல் பரப்பிக் கட்டுக. படுக்கவும் எழவும் இடம் இருக்க வேண்டும். திரிய இடம் கூடாது. வாய் கட்டுக்கு எட்டாதபடி கழுத்தில் மூங்கில் கழிகளைக் கோத்துப் பூட்டுக. மற்ற மாடுகள் நக்கவும் முட்டவும் இடந்தராதீர்கள். நாள்தோறும் இருமுறை கட்டைப் பார்த்து, மேலே ஈரம் ஊறியிருக்கிறதா, நாற்றம் உண்டா, கட்டுக்குக் கீழே கால் வீங்கியோ குளிர்ந்தோ இருக்கிறதா என்று கவனியுங்கள். கால் வீங்கினால் கட்டு இறுகிவிட்டது என்று பொருள். அன்றே வைத்தியரை அழைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் மேய்ச்சலும் ஏரும் வண்டியும் வேண்டா.

ஒரு விஷயத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முதற் கட்டுப் பிரித்த பின் சில ஒட்டுகளின் மேற்பரப்பு கறுத்துச் செதிலாக உரிவதுண்டு. உடனே "ஒட்டு செத்துவிட்டது" என்று எண்ணிச் சுரண்டலாகாது. மேல் ஏடு மாத்திரம் உதிர்ந்து, அடியில் உயிருள்ள உள்தோல் இளஞ்சிவப்பாகத் தங்கியிருப்பது அநேகமாகக் காணப்படும். கெட்டதையும் பிழைத்ததையும் பிரித்தறிய ஓரிரு வாரம் பொறுத்தல் வேண்டும்.

9. மருந்துகளில் கவனம்

கிருமி நாசினி ஊசிகள் போட்ட மாட்டின் பாலில் சில நாட்கள் அம்மருந்து கலந்து வரும். வைத்தியர் குறிப்பிட்ட நாட்கள் முடியும்வரை அந்தப் பாலைச் சங்கத்திற்கு ஊற்றலாகாது. ஒரு மாட்டின் பால் கலந்தாலும் சங்கத்தின் முழுப் பாலும் கெட்டதாகும், குடிப்போருக்கும் தீங்கு. வலி நீங்க மனிதருக்கான டைக்ளோபினாக் ஊசியைப் போடும் பழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். அம்மருந்து தங்கிய மாட்டுப் பிணத்தைத் தின்று கழுகுகள் கூட்டங்கூட்டமாய் மடிந்ததால், கால்நடைகளுக்கு அதை உபயோகிப்பது 2006-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற மருந்து இருக்கின்றது. அளவை வைத்தியர் சொல்வார்.

10. புதிய முறைகள்

ஒட்டின் மேல் கடற்பஞ்சு போன்ற நுரைப்பஞ்சை வைத்து, காற்றுப் புகாத மெல்லிய தாளால் மூடி, சிறு யந்திரத்தால் காற்றை இடைவிடாது உறிஞ்சும் முறை ஒன்று இப்போது பெரிய வைத்தியசாலைகளில் நடைபெறுகின்றது. தேங்கும் நீர் வெளியேறுகின்றது. ஒட்டும் பாத்தியோடு அழுத்தமாய்ப் பற்றி நிற்கின்றது. 2013-ல் வெளியான ஆராய்ச்சியில், நாய்களுக்கு வைத்த வலை ஒட்டுகள் இம்முறையில் சாதாரணக் கட்டைக் காட்டிலும் விரைவில் கண் மூடியதும், குறைவாகவே அழிந்ததும் காணப்பட்டன. யந்திரம் புதிது, ஆனால் அது விலக்கும் பகைவர் நாம் மேலே கண்டவரே.

மற்றொன்று மீன் தோல். 2017 டிசம்பரில் அமெரிக்காவில் தென் கலிபோர்னியாக் காட்டுத்தீயில் பாதம் வெந்த இரண்டு கரடிகளுக்கும் ஒரு மலைச்சிங்கக் குட்டிக்கும், சுத்தி செய்த திலாப்பியா மீனின் தோலைப் பாதத்தில் தைத்துச் சிகிச்சை செய்தார்கள். நம் ஏரிகளில் ஜிலேபிக் கெண்டை எனப்படுவது அந்த இனமே. மேலே மக்காச்சோள மட்டையைச் சுற்றினார்கள். கரடி கடித்துத் தின்றாலும் தீங்கில்லை. இது நிலையான ஒட்டன்று. வலியைக் குறைத்து ஈரத்தைக் காக்கும் உயிர்க் கட்டு. சந்தையில் வாங்கிய மீனின் தோலைப் புண்ணில் வைத்தால் கிருமியே சேரும். சுத்தி செய்யும் முறை தனிப்பட்டது.

11. சங்கங்கள் செய்யத்தக்கவை

எல்லாப் புண்ணுக்கும் ஒட்டு வேண்டியதில்லை. விலாவிலும் கழுத்திலும் உள்ளவை பெரும்பாலும் தாமே ஆறும். சிகிச்சைச் செலவு, மாட்டின் வயது, பின்னர் தரக்கூடிய உழைப்பு ஆகியவற்றை வைத்தியரோடு கலந்து ஆலோசித்தே முடிவு செய்தல் நன்று. ஆனால் நல்ல மாட்டின் கீழ்க்காலில் பெரும் புண் இருந்து, இரண்டு மூன்று வாரத்தில் ஓரங்கள் நெருங்காமலிருந்தால் தாமதிக்கலாகாது. சென்னை வேப்பேரியில் 1903-ல் ஏற்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், 1985-ல் நாமக்கல்லிலும், 2012-ல் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் ஏற்பட்ட கல்லூரிகளிலும் சஸ்திர சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. உள்ளூர்க் கால்நடை மருந்தகத்து வைத்தியரிடம் கேட்டு அங்கே செல்லலாம்.

தனி ஒருவரால் ஆகாதது சங்கத்தால் ஆகும். ஈரமற்ற தரையும் வலைச் சன்னலும் உள்ள ஒரு சிறு கொட்டகையைப் பொதுவில் கட்டிவைத்தால், சிகிச்சை பெற்ற மாட்டை மூன்று வாரம் அங்கே நிறுத்தலாம். சுத்தமான பஞ்சு, கட்டுத்துணி, அளந்த உப்புப் பொட்டலங்கள் ஆகியவற்றைச் சங்கத்தில் சேமித்து வைக்கலாம். மாட்டை நிறுத்திவைக்கும் நாட்களில் ஊதியம் இழக்கும் அங்கத்தினருக்கு ஒரு சிறு கைமாற்று நிதியும் ஏற்படுத்தலாம். ஒட்டு வைத்த பத்தாம் நாளே மாட்டை வண்டியில் பூட்டிவிடுவது அறியாமையால் மாத்திரமன்று, அன்றைய கூலிக்கு வேறு வழியில்லாமையாலும் நேருகின்றது. அந்த நெருக்கடியை நீக்குவது சங்கத்தின் கையில் இருக்கின்றது.

எல்லாவற்றிற்கும் மேலாக, காயம் படாமற் காப்பதே முதற் சிகிச்சை. வேலியில் தொங்கும் கம்பியை அகற்றுக. கொட்டகையில் திறந்த விளக்கும், ஈயை ஓட்டும் புகைமூட்டமும் காவலின்றி இருக்கலாகாது. இரவில் மாடுகளைச் சாலையில் விடாதீர்கள். அதையும் மீறிக் காயம் நேர்ந்தால், முதல் நாள் அலம்பும் உப்பு நீரிலிருந்து கடைசிக் கட்டு அவிழும் வரை, மாட்டின் தோலைக் காப்பதில் வைத்தியருக்குப் பாதிப் பங்கும் நமக்குப் பாதிப் பங்கும் உண்டு என்பதை அங்கத்தினர்கள் நினைவில் வைப்பார்களாக.